கீரை வதக்கலுக்கு எந்த சாஸ்? முதலில் அடுப்பைப் பாருங்கள்

சீன உணவகத்தில் சாப்பிட்ட காய் லான் என்னும் தடித்த தண்டுக் கீரையோ வள்ளைக்கீரையோ நாக்கில் நின்றுவிடுகிறது. வீட்டில் செய்து பார்க்கிறோம். இலை துவண்டு, தண்டு வேகாமல், தட்டின் அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடுத்த முறை வேறு சாஸ் வாங்குகிறோம். அதே தண்ணீர், வேறு நிறத்தில். இப்படி மூன்று பாட்டில்கள் சேர்ந்த பிறகுதான் பலரும் கேட்கிறார்கள்: சோயா சாஸா, ஓய்ஸ்டர் சாஸா, மீன் சாஸா, எது சரி?

சாஸைப் பற்றிய கேள்வி இரண்டாவது. முதல் கேள்வி, கீரையை நேரே வாணலியில் போடுவதா, வெந்நீரில் முக்கியெடுத்துவிட்டுப் பிறகு சாஸ் சேர்ப்பதா என்பது. இதற்கு விடை தெரியாமல் வாங்குகிற சாஸ் பாதி வீண். ஆகவே இந்த ஒப்பீடும் இரண்டு கட்டமாகவே போகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

தண்ணீர். கீரைகளின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். சூடு பட்டதும் செல்கள் உடைந்து அது வெளியே வரும். எந்த முறையையும் எந்த சாஸையும் நான் முதலில் சோதிப்பது இந்த நீரை அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டுதான்.

தண்டும் இலையும். காய் லான், பாக் சோய் போன்றவற்றில் தண்டு தடிமன். பசலை, முளைக்கீரை போன்றவற்றில் இலையே பிரதானம். வள்ளைக்கீரை நடுவில் நிற்கிறது: தண்டு உள்ளீடற்ற குழல், இலை மெல்லியது.

உப்பு. சாஸ் என்றாலே உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள்.

சாப்பிடுகிறவர். சைவமா, கோதுமை ஆகாதவரா, சிப்பி, இறால் ஒவ்வாமை உள்ளவரா, மது சேர்ந்த எதையும் தொடாதவரா? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்று பட்டியலில் பாதியை அடித்துவிடும்.

பாட்டிலின் ஆயுள். வாங்கிய சாஸ் எத்தனை நாளில் தீரும்? ஒரு முறை ஊற்றி ஆறு மாதம் குளிர்பெட்டியில் கிடக்கிற பாட்டில், சுவையாக இருந்தாலும் மோசமான தேர்வு.

## முதல் கட்டம்: நேரே வாணலியா, வெந்நீரில் முக்குவதா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 கிராம் கீரை வதங்கும்போது 100 கிராம் நீரை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலையில் உள்ள 100 கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 226 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 3 கிலோவாட். அதில் பாதிக்கும் குறைவாகவே பாத்திரத்துக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் சமையலறையைச் சூடாக்குகிறது. 1.2 கிலோவாட் போய்ச் சேர்ந்தால்கூட அந்த நீர் ஆவியாக மூன்று நிமிடத்துக்கு மேலாகும். மெல்லிய கீரை வேக வேண்டியதோ ஒன்று, ஒன்றரை நிமிடம். ஆக, கீரை வெந்துவிடும், தண்ணீர் மிஞ்சும். தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தால் கீரை குழையும். இந்த இழுபறியில் எந்த சாஸாலும் ஜெயிக்க முடியாது.

உணவகங்களின் வோக் (சீன வாணலி) அடுப்பு இதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி கொண்டது. அங்கே அதே நீர் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. சமையல்காரரின் கைப்பக்குவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் இருக்கிற தீ நம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டால் பல ஏமாற்றங்கள் மிச்சம்.

### நேரே வாணலியில் வதக்குவது

நன்றாக வரும்போது இதற்கு இணையில்லை. எண்ணெயில் பூண்டு மணம் ஏறி, இலையின் ஓரம் லேசாகப் பொசுங்கி, தண்டு கடிபடும் பதத்தில் நிற்கும். வெந்நீர் முறையில் இந்தப் புகைமணம் கிடைக்காது.

வீட்டு அடுப்பில் இது நடக்க வேண்டுமானால் மூன்று விட்டுக்கொடுப்புகள் வேண்டும். ஒன்று, ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடக் கூடாது. நான்கு பேருக்கு என்றால் இரண்டு, மூன்று தவணை. இரண்டு, கீரையைக் கழுவி, உதறி, துணியில் பரப்பி ஈரம் போக வைக்க வேண்டும். வெளியீரத்தோடு போடுவது, தேங்கப்போகிற நீரை நாமே ஊற்றிவிடுவதற்குச் சமம். மூன்று, வாணலி இரும்பாகவோ கார்பன் எஃகாகவோ இருப்பது நல்லது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தைப் புகையும் அளவுக்குக் காலியாகச் சூடாக்கக் கூடாது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கிவிடும். வீட்டில் ஒட்டாத பாத்திரம் மட்டுமே இருக்கிறதென்றால் உங்கள் முடிவு இங்கேயே பாதி ஆகிவிட்டது: வெந்நீர்.

பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. நசுக்கிய பூண்டைப் புகையும் எண்ணெயில் முதலில் போட்டால் கீரை வந்து சேர்வதற்குள் கருகிக் கசக்கும். எண்ணெய் மிதமாக இருக்கும்போதே பூண்டைப் போட்டு, மணம் வந்ததும் தண்டுகளைக் கொட்டி, அப்போது தீயை முழுமையாகத் திறப்பதுதான் வீட்டு அடுப்புக்கு ஒத்துவரும். தண்டு அரை நிமிடம் முந்திப் போகட்டும், இலை பிந்திப் போகட்டும்.

### வெந்நீரில் முக்கியெடுத்து சாஸ் சேர்ப்பது

தென்சீனத்தின் காண்டோனிய சமையலில் காய் லானுக்கு இதுவே பழகிய வழி. பெரிய பாத்திரத்தில் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். தடித்த தண்டுகளை முதலில் இறக்கி, பிறகு இலைகளையும் அமிழ்த்தி, காய் லானுக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். பாக் சோய்க்கு ஒரு நிமிடம். பசலைக்கு அரை நிமிடம்கூட அதிகம். எண்ணெய் எதற்கென்றால், எடுக்கும்போது இலைமேல் மெல்லிய படலமாக ஒட்டிப் பளபளப்புத் தரும்.

இங்கே கீரையின் நீர் பாத்திரத்துக்குள்ளேயே போய்விடுகிறது. வடித்து, நன்றாக உதறி, தட்டில் வைத்து சாஸை மேலே ஊற்றினால் தேங்கல் இல்லை. அடுப்பின் சக்தி ஒரு பொருட்டே அல்ல. மின்சுருள் அடுப்பிலும் செய்யலாம். பத்துப் பேருக்கும் ஒரே தடவையில் ஆகும்.

பசலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதைச் சாப்பிட்டபின் பற்கள் சொரசொரப்பாகத் தோன்றக் காரணம் அதிலுள்ள ஆக்ஸலேட். கொதிநீரில் அதன் கரையும் பகுதி கணிசமாக இறங்கிவிடும். சிறுநீரகக் கல் பிரச்சினை உள்ளவர்கள் நேரே வதக்கிய பசலையைவிட முக்கியெடுத்ததையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

மறைந்திருக்கும் செலவுகள்: கழுவ ஒரு பாத்திரம் கூடுதல். நீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவற்றில் ஒரு பகுதி வடிநீரோடு போகும். அடுத்து, நேரம் தவறினால் நிறம் போய்விடும். முதல் அரை நிமிடத்தில் பச்சை இன்னும் பளீரென்று தெரியும், ஏனென்றால் செல்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறுகிறது. ஐந்தாறு நிமிடம் விட்டால் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்று இலை மங்கிய காக்கி நிறத்துக்குப் போகும். அமிலம் இதை விரைவுபடுத்தும். எலுமிச்சையோ வினிகரோ சேர்ப்பதானால் தட்டில் வைத்த பிறகுதான்.

வெந்நீர் முறையைச் சிலர் சோம்பேறிகளின் வழி என்று இறக்கிப் பேசுகிறார்கள். தடித்த தண்டுள்ள கீரைக்கு வீட்டில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. வள்ளைக்கீரைக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். அதன் குழல் தண்டுகள் வெந்நீரை உள்ளே நிரப்பிக்கொண்டு வரும். எவ்வளவு உதறினாலும் தட்டில் போய்த்தான் கக்கும். அதைச் சிறு தவணைகளாக நேரே வதக்குங்கள்.

## இரண்டாம் கட்டம்: எந்த சாஸ்?

முறை முடிவாகிவிட்டால் சாஸ் தேர்வு எளிது. பாயும் சாஸா, ஒட்டும் சாஸா, எண்ணெயில் முதலில் வதக்க வேண்டிய விழுதா என்று பார்த்தாலே போதும். நேரே வதக்கும்போது மிச்சம் ஒட்டியிருக்கும் ஈரத்தில் விழுதுகள் கரைந்து இலைகளில் படியும். முக்கியெடுத்த கீரைக்கு, மேலே ஊற்றினால் வழுக்கி ஓடாத கெட்டி சாஸ் வேண்டும்.

சாஸ் எதற்காக என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உப்பு மட்டும் போதும் என்றால் உப்பே இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேதா கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இங்கே பேசப்போகிற சாஸ்களில் பெரும்பாலானவை புரதத்தைப் புளிக்கவைத்து அந்தக் குளுட்டமேட்டை வெளியே கொண்டுவந்தவைதான். மீன், காய்ந்த இறால் இவற்றிலுள்ள இனோசினேட்டும், காய்ந்த ஷிடாகே காளானிலுள்ள குவானிலேட்டும் குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். கீரையோடு நான்கு காளானை நறுக்கிப் போட்டால் சாஸின் அளவைக் குறைக்க முடிவது அதனால்தான்.

### சாஸே இல்லாமல்: பூண்டும் உப்பும்

இதை விருப்பங்களில் ஒன்றாகவே பலர் கருதுவதில்லை. தவறு. கீரை அன்று பறித்ததாக, இளசாக இருந்தால் சாஸ் அதன் மணத்தை மறைக்கத்தான் செய்யும். முளைக்கீரையைச் சீனச் சமையலில் முழுப் பூண்டுப் பற்களோடு கொஞ்சம் சூப் ஊற்றி வேகவைப்பார்கள். அங்கே தண்ணீர் பிரச்சினையே அல்ல, அதுவே குழம்பு. 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, நான்கைந்து பற்கள் பூண்டு. மேலே சொன்ன ஒவ்வாமைகள் உள்ளவர்களும் சாப்பிடலாம். முற்றிய, கசப்பான கீரைக்கு மட்டும் இது பற்றாது.

### சோயா சாஸ்

வீட்டில் ஒரே ஒரு பாட்டில்தான் வைத்துக்கொள்வேன் என்பவருக்கு என் விடை இதுதான். ஆனால் இளநிற சோயா சாஸ் வாங்க வேண்டும். அடர்நிற சோயா சாஸ் நிறத்துக்காகச் செய்தது. அதை ஊற்றினால் பச்சைக் கீரை சேற்றில் புரண்டதுபோல் ஆகிவிடும்.

இதன் குறை, தண்ணீர்போலப் பாய்வது. நேரே வதக்கும்போது கீரைமேல் ஊற்றாமல், வாணலியின் சூடான ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். உலோகத்தில் பட்டுச் சீறி மணம் மாறிய பிறகு கீரையில் கலக்கும். வெறும் சோயா சாஸுக்கும் இப்படி ஊற்றியதற்கும் உள்ள வித்தியாசம், பொரித்த பூண்டுக்கும் பச்சைப் பூண்டுக்கும் உள்ளதைப் போன்றது. முக்கியெடுத்த கீரைக்கு என்றால் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி நீர், ஒரு தேக்கரண்டி சோள மாவு என்று கலந்து கொதிக்கவைத்தால் ஒட்டும் சாஸ் தயார். சோள மாவு முழுமையாகக் கெட்டியாகக் கொதிநிலையை நெருங்க வேண்டும். பாதிச் சூட்டில் இறக்கினால் மாவு வாடை நிற்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பெரும்பாலான சோயா சாஸ்களில் கோதுமை உண்டு. ஆகாதவர்கள் கோதுமை இல்லாதது என்று லேபிளில் தெளிவாகப் போட்ட தமாரி என்னும் ஜப்பானிய சோயா சாஸைத் தேட வேண்டும். மற்றது, இயற்கையாகப் புளிக்கவைத்ததா, அமிலத்தில் சிதைத்த தாவரப் புரதத்தால் செய்ததா என்று பொருள்பட்டியலைப் படிப்பது. இரண்டாவது வகை வேகமாகத் தயாராகிறது. சுவை தட்டையாகவும் முரட்டு உப்பாகவும் இருக்கும்.

### ஓய்ஸ்டர் சாஸ்

இதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். காரணமும் நியாயமானது: பெரும்பாலான பாட்டில்களில் மாவு ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் இலையில் ஒட்டும், பளபளக்கும், இனிப்பும் உவர்ப்பும் சரிவிகிதமாக இருக்கும். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் சிறு உணவுக்கடை வைத்திருந்த லீ கம் ஷியுங், அடுப்பில் மறந்துவிட்ட சிப்பிச் சூப் வற்றிக் கெட்டியானதைக் கண்டு 1888இல் இதை உருவாக்கினார் என்பது அவர் தொடங்கிய லீ கம் கீ நிறுவனம் சொல்லும் கதை.

அந்தக் கதையில் வருவது சிப்பியின் சாறு. இன்றைய மலிவு பாட்டில்களின் பொருள்பட்டியலைப் படித்தால் முதல் இடங்களில் நீர், சர்க்கரை, உப்பு. சிப்பிச் சாறு பின்னால் எங்கோ. இரண்டு பாட்டில்களை எதிரெதிரே வைத்து, சிப்பி பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்ப்பதைவிடச் சிறந்த தரப்பரிசோதனை கடையில் நின்றபடி செய்ய முடியாது.

முக்கியெடுத்த காய் லானுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஒரு மேசைக்கரண்டி சாஸ், ஒரு மேசைக்கரண்டி சூடான நீர், பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கலந்து மேலே ஊற்றினால் போதும். காய் லானின் மெல்லிய கசப்புக்கு இதன் இனிப்பு சரியான மறுமொழி. ஆனால் நேரே வதக்கும் மெல்லிய கீரைக்கு நான் இதை எடுப்பதில்லை. கீரை விடும் நீரில் நீர்த்து, பழுப்புக் குழம்பாகி, எந்தத் தண்ணீரிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ அதையே இன்னும் கண்ணில் படும்படி செய்துவிடும்.

மறைச்செலவுகள்: சைவர்களுக்கு ஆகாது, காளானில் செய்த சைவ வகை கிடைக்கிறது, அது மோசமில்லை. சிப்பி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. பலவற்றில் கோதுமையும் உண்டு. திறந்தபின் கட்டாயம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் பாட்டில் வாயில் பூசணம் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை கீரை வதக்குகிறவர் பெரிய பாட்டில் வாங்கினால் பாதி குப்பைக்குத்தான்.

### மீன் சாஸ்

நெத்திலி போன்ற சிறு மீனும் உப்பும், ஒரு வருடம் வரையோ அதற்கு மேலோ புளிக்கும் காலமும். நல்ல மீன் சாஸ் என்பது இவ்வளவே. மணத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் அதைக் குளிர்ந்த சாஸாக முகர்ந்தவர்கள். சூடான வாணலியில் ஒரு தேக்கரண்டி விழுந்தால் அரை நிமிடத்தில் மீன் வாடை அடங்கி, அடியில் ஓர் ஆழமான உவர்ப்பு மட்டும் நிற்கும். வியட்நாமில் பூண்டோடு வதக்கும் வள்ளைக்கீரைக்கு இது இயல்பான துணை.

உப்புதான் இதன் வரம்பு. ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் ஏறக்குறைய 1,400 மில்லிகிராம். சோயா சாஸில் அதே அளவுக்கு 900. கை தவறினால் திரும்ப வழியில்லை. நேரே வதக்கலுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். முக்கியெடுத்த கீரைமேல் சூடு காட்டாமல் ஊற்றினால் முதலில் சொன்ன பயம் உண்மையாகிவிடும். கோதுமை ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் என்பது இதன் எதிர்பாராத நன்மை. ஆனாலும் லேபிளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

### புளித்த டோஃபு

என் ஓரவஞ்சனையை ஒளிக்கவில்லை: நேரே வதக்கும் வள்ளைக்கீரைக்கு இதுவே முதலிடம். சீன மொழியில் ஃபூரு. டோஃபு என்னும் சோயாப் பால் கட்டிகளில் பூஞ்சை வளர்த்து, உப்புநீரிலும் அரிசி மதுவிலும் ஊறவைத்து ஜாடியில் அடைத்தது. கரண்டியால் அழுத்தினால் வெண்ணெயாக மசியும். இரண்டு கட்டிகளை அதே ஜாடியின் நீர் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு மசித்து வைத்துக்கொண்டு, கீரை பாதி துவண்டதும் கொட்டிப் புரட்ட வேண்டும். கீரை விடும் நீரில் அது கரைந்து பால்போன்ற மெல்லிய குழம்பாகி இலைகளைப் பூசிக்கொள்ளும். மற்ற சாஸ்களைக் கெடுக்கிற தண்ணீரை இது தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. வீட்டு அடுப்பின் பலவீனத்தோடு இவ்வளவு இணங்கிப் போகிற சாஸ் வேறில்லை.

வெள்ளை வகையை வாங்குங்கள். மிளகாய் சேர்ந்ததும் நன்றாக இருக்கும். சிவப்பு அரிசிப் பூஞ்சையால் நிறமேறிய சிவப்பு வகை இறைச்சிக்குப் பொருத்தம், கீரையை இளஞ்சிவப்பாக்கும்.

முட்டையோ பாலோ இல்லாத முழுச் சைவம். ஆனால் மது சேர்ந்திருக்கும் என்பதை விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட வேண்டும். முதல்முறை ஜாடியைத் திறக்கும்போது எழும் மணம் பழுத்த பாலாடைக்கட்டியை நினைவூட்டும். ஒரு கட்டியை நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடும் உப்பு. சுத்தமான கரண்டியால் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஜாடி பல மாதம் கெடாது. கிடைப்பதுதான் கஷ்டம், கிழக்காசிய மளிகைக் கடை பக்கத்தில் இல்லாதவர்கள் இதைத் தேடி அலைய வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

### புளித்த சோயா பீன் விழுது

தாய்லாந்தின் புகழ்பெற்ற "செந்தீ" வள்ளைக்கீரையில் இருப்பது இது. அங்கே இதன் பெயர் தாவ் ஜியாவ். கீரை, நசுக்கிய பூண்டு, மிளகாய், விழுது, கொஞ்சம் ஓய்ஸ்டர் சாஸ், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்து, புகையும் எண்ணெயில் ஒரே வீச்சில் கொட்டுவார்கள். தீ வாணலிக்கு மேல் எழும், பெயரும் அதனால்தான். வீட்டில் அந்தத் தீயை முயல வேண்டாம். சுவையில் முக்கால் பங்கு விழுதிலேயே இருக்கிறது. முழுப் பீன்ஸ் தெரிகிற வகையானால் பாதியை மசித்து, பாதியை முழுதாக விடலாம்.

### பெலாசான்

மலேசியா, சிங்கப்பூர் பக்கம் வள்ளைக்கீரை என்றால் பெலாசானும் கூடவே வரும். இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்து அழுத்திய கட்டி இது, இந்தோனேசியாவில் தெராசி. மற்ற சாஸ்கள் கடைசியில் சேர்பவை. இது முதலில் சேர வேண்டும்: கட்டியைச் சுட்டு, மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டோடு இடித்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, அதன்மேல் கீரை.

சுவையில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் சுடும்போது எழும் வாடை வீட்டில் மறுநாளும் இருக்கும். திறந்த ஜன்னலோ நல்ல புகைபோக்கியோ இல்லாத சிறிய வீட்டில், திரைச்சீலைகளையும் உலரும் துணிகளையும் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அலுமினியத் தாளில் பொதிந்து சுட்டால் ஓரளவு அடங்கும். இடித்த விழுதை ஒரே நாளில் மொத்தமாக வதக்கி உறையவைத்துக்கொண்டால் வருடத்துக்கு நான்கு தடவைதான் இந்தத் தொல்லை.

## ஒரே பார்வையில்

| சாஸ் | 300 கிராம் கீரைக்கு | சோடியம் (மி.கி., தோராயமாக) | நேரே வதக்க | முக்கியெடுத்து ஊற்ற | யாருக்கு ஆகாது |
|---|---|---|---|---|---|
| உப்பும் பூண்டும் | ¼ தேக்கரண்டி உப்பு | 575 | நன்று | சுமார் | – |
| இளநிற சோயா சாஸ் | 2 தேக்கரண்டி | 600 | நன்று | சோள மாவோடு | கோதுமை, சோயா ஆகாதவர் |
| ஓய்ஸ்டர் சாஸ் | 1 மேசைக்கரண்டி | 500–850 | வேண்டாம் | மிக நன்று | சைவர், சிப்பி ஒவ்வாமை, கோதுமை ஆகாதவர் (லேபிளைப் பார்க்கவும்) |
| மீன் சாஸ் | 1½ தேக்கரண்டி | 700 | நன்று | வேண்டாம் | சைவர், மீன் ஒவ்வாமை |
| புளித்த டோஃபு | 2 சிறு கட்டி | 600 | மிக நன்று | சுமார் | சோயா ஆகாதவர், மது தவிர்ப்பவர் |
| சோயா பீன் விழுது | 1 மேசைக்கரண்டி | லேபிளைப் பார்க்கவும் | நன்று | சுமார் | சோயா ஆகாதவர் |
| பெலாசான் | 1 தேக்கரண்டி | லேபிளைப் பார்க்கவும் | மிக நன்று | வேண்டாம் | சைவர், இறால் ஒவ்வாமை |

சோடியம் வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாட்டில்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியது, கீரைக்கு ஊற்றும் அளவில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 600ஐச் சுற்றியே நிற்கிறது. நாக்கு கேட்கும் உப்பு ஒன்றுதான். எந்தப் பாட்டிலிலிருந்து வந்தாலும் அங்கேதான் போய் நிற்போம். உப்பைக் குறைக்க வேண்டியவர் சாஸை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு சாஸ்களைச் சேர்த்து ஊற்றுவதையும், சாஸ் ஊற்றியபின் பழக்கத்தில் ஒரு சிட்டிகை உப்புத் தூவுவதையும் நிறுத்தினால் ஆகும்.

## உங்கள் நிலைமை எது?

மின்சுருள் அடுப்பு, ஒட்டாத பாத்திரம், வீட்டில் ஐந்தாறு பேர் என்றால் பாக் சோயோ காய் லானோ வாங்கி, முக்கியெடுத்து, ஓய்ஸ்டர் சாஸ் ஊற்றுங்கள். சைவ வீடானால் காளான் சாஸ், அல்லது சோள மாவு சேர்த்த சோயா சாஸ்.

நல்ல எரிவாயு அடுப்பும் இரும்பு வாணலியும் உண்டு, சாப்பிடுவது இரண்டு பேர் என்றால் வள்ளைக்கீரையும் புளித்த டோஃபுவும். அது கிடைக்காத ஊரில் சோயா பீன் விழுது. அதுவும் கிடைக்காவிட்டால் வாணலி ஓரத்தில் சுற்றி ஊற்றிய சோயா சாஸ்.

பசலை மட்டும்தான் கிடைக்கிறது என்பவர்கள் முக்கியெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, கையால் மெல்லப் பிழிந்து, பூண்டெண்ணெயும் சோயா சாஸும் விட்டுக் கலக்கட்டும். 300 கிராம் பசலை ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். ஆகவே அட்டவணையில் உள்ள அளவில் பாதி சாஸே போதும், அதுவும் ருசி பார்த்துத்தான்.

மாதத்துக்கு ஒரு முறைதான் செய்கிறவர்கள் எந்தப் பாட்டிலும் வாங்க வேண்டாம். பூண்டும் உப்பும், நான்கு காய்ந்த ஷிடாகே காளான், அவை ஊறிய நீர் இரண்டு கரண்டி. காளான் பொட்டலம் அலமாரியில் ஒரு வருடம் இருந்தாலும் யாரையும் உறுத்தாது.

விருந்தாளிகள் வரும் நாளில் நேரே வதக்குவதை மட்டும் எடுக்காதீர்கள். மூன்று தவணை வதக்கி முடிப்பதற்குள் முதல் தவணை ஆறி, தட்டில் தண்ணீர் விட்டிருக்கும்.